ஐஸ் கேட்டு வந்தவன்

எண்பத்தாறோ எண்பத்தேழோ, சரியா ஞாபகமில்லை. டுசல்டோர்ஃபிலை ஒரு ஹோட்டலிலை களவாக் கோப்பை கழுவினன். பிடிபட்டால் சண்டை நடக்கிற ஊருக்கே திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்.

ஒருநாள் மத்தியானம், கூட வேலைசெய்த செல்வம், "அண்ணை, ஆரோ நெடுவல் வாறான், பொலிஸ்போல! ஒளியுங்கோ!" எண்டான். குளிர் அறைக்குள்ளை பூந்திட்டன். கதவு திறந்துது. பாத்தால், அங்கை தங்கியிருந்த இங்கிலீஸ் பந்தடிகாரன். கோலுக்கு முன்னாலை நிண்டு மறிக்கிறவன். "ஐஸ்" எண்டு முழங்காலைக் காட்டினான். பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்துது.

வெளியிலை அவன்ரை கோச் கூப்பிடுறது கேட்டுது. அவன் வாயிலை விரல் வைச்சு, என்ரை கையை இறுக்கிப் பிடிச்சான். கால் பழுதெண்டு தெரிஞ்சால் அவன்ரை பிழைப்பும் போச்சு. நான் ஐஸை அள்ளித் துணியிலை சுத்தி அவன்ரை முழங்காலிலை வைச்சுப் பிடிச்சன்.

பின்னேரம் ரிவியிலை மட்ச்.

"அண்ணை, பந்து அங்காலை போகுது, நீங்கள் எங்கை பாக்கிறியள்?" எண்டு செல்வம் சிரிச்சான். நான் அந்த முழங்காலைத்தான் பயந்து பயந்து பாத்துக்கொண்டிருந்தன்.