வேட்டைச் சொற்களும் மூன்றாவது மாப்பிள்ளையும்

போன வெள்ளிக்கிழமை வேட்டைக்குப் போயிருந்தேன்.

வனத்துறைக்காரர்கள் யாராவது இந்தப் பத்தியை வாசிக்கிறீர்களா? பதற வேண்டாம். துப்பாக்கி இல்லை, கண்ணி இல்லை, நாய்கூட இல்லை. தேடிப் போனது மூன்று புது மாப்பிள்ளைகளை.

நிலக்கோட்டைப் பக்கம் ஒரு சின்ன ஊர். சுற்றிலும் மல்லிகைத் தோட்டம். என் தோழி பேச்சியம்மாளுக்கு அதுதான் ஊர். திருவிழாவின் மூன்றாம் நாள் அங்கே சாமி மரக்குதிரை ஏறி வேட்டைக்குக் கிளம்பும். முன்னெல்லாம் ஆண்கள் நிஜமாகவே கரட்டுக் குன்றுக்குப் போய் முயல் அடித்து வருவார்களாம். அது குற்றம், பிடித்தால் கேஸ் என்று ஆனபிறகு ஊர்க்கூட்டம் போட்டுத் தலையைச் சொறிந்திருக்கிறார்கள். முயலைத் தொடக் கூடாது. வேட்டை இல்லாமல் சாமியைச் சும்மா எல்லை வரை அழைத்துப் போய்த் திரும்பவும் மனசில்லை. என்ன செய்வது? அப்போது யாரோ கேலியாகச் சொன்ன யோசனை இது — நம்ம வீட்டுப் பிள்ளையைக் கட்டிக்கொண்டு போனவர்களைத் துரத்தினால் என்ன?

கேலி வழக்கமாகிவிட்டது. ஊர்ப் பெண்ணைப் புதிதாகக் கட்டிய மாப்பிள்ளைகள் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் போய்த் தோட்டங்களில் ஒளிந்துகொள்ள வேண்டும். உறுமி அடித்ததும் மைத்துனர்கள் தேடப் புறப்படுவார்கள். விளக்கு வைப்பதற்குள் கண்டுபிடித்து, தோளில் தூக்கிவந்து, கோயில் வாசலில் நிறுத்த வேண்டும். பெண்டாட்டி ஒரு செம்பு மஞ்சள் தண்ணீரை அவர் தலையில் ஊற்றுவாள். அப்புறம் மாலை, சிரிப்பு, கறிச்சோறு.

ஒளியப் போகும் முன் செல்போனைப் பூசாரியின் சுளகில் போட்டுவிட வேண்டும். ஏனென்றால்… ஒரு வருஷம் ஒரு மாப்பிள்ளை கொசுக்கடி தாங்காமல் மைத்துனனுக்கே லொகேஷன் அனுப்பிவிட்டாராம்.

திண்டுக்கல்லில் பஸ் ஏறியதிலிருந்தே இந்த 'வேட்டை' என்கிற சொல் என்னோடு உட்கார்ந்து வந்தது. என் குணம்தான் உங்களுக்குத் தெரியுமே — ஒரு சொல் கையில் சிக்கினால் அதன் பூர்வீகம் விசாரிக்காமல் விடமாட்டேன். காலேஜ் வாசலை மிதிக்காதவளுக்கு பஸ்ஸும் செல்போனும்தான் காலேஜ். ஜன்னல் ஓரம், முகத்தில் காற்று, பாதிக் கண் தூக்கம், மடியில் உலகத்து அகராதிகள்.

கிரேக்கர்கள் வேட்டைக்கு வைத்த பெயருக்கு, நாயை முன்னால் விட்டு நடத்திப் போவது என்று அர்த்தமாம். நம் பக்கத்து மலையாளத்தில் வேட்டைக்கு இன்னொரு பெயர் நாயாட்டு. இரண்டு ஊர்க்காரர்களும் கலந்து பேசியா பெயர் வைத்தார்கள்? இல்லை. இருவருக்கும் முன்னால் ஒரு நாய் ஓடியிருக்கிறது… அவ்வளவுதான்.

இங்கிலீஷ் 'ஹன்ட்' கொஞ்சம் முரட்டு ஆள். எட்டிப் பிடி என்கிற சொல்லோடு சொந்தம். 'சேஸ்' என்பதும் லத்தீனில் பிடிக்கப் பார்ப்பதுதான். தீபாவளிக்கு முந்தின வாரம் ஜவுளிக்கடையில் நாம் பண்ணுகிறோமே 'பர்ச்சேஸ்' — அதுவும் இதே குடும்பம். பழைய பிரெஞ்சுக்காரன் வாயில் அதற்கு விரட்டிக்கொண்டு ஓடுவது என்று பொருள். ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் ஒரே புடவையை இரண்டு பேர் பிடித்து இழுப்பதைப் பார்த்தவர்கள் இதை உடனே நம்புவார்கள்.

ஆனால் என்னை மயக்கியது வேறு ஒன்று. சமஸ்கிருதத்தில் வேட்டைக்கு 'மிருகயா'. அதன் வேரில் இருப்பது அடிப்பது இல்லை, பிடிப்பதும் இல்லை. தேடுவது. லத்தீனிலோ 'வேனாரி'. காதல் தேவதை வீனஸ் பெயரும் இந்தச் சொல்லும் ஒரே வேரில் முளைத்தவை என்கிறார்கள். அந்த வேருக்கு என்ன பொருள் தெரியுமா? ஆசைப்படு.

எங்கேயோ கேட்டமாதிரி இருக்கிறதா? பழைய தமிழில் 'வேட்டம்' என்றால் வேட்டையும் உண்டு, விருப்பமும் உண்டு. வேட்கை என்கிறோமே, அதன் வாசம். கன்னடத்தில் 'பேட்டெ' என்றால் வேட்டை. பழைய கன்னடத்தில் 'பேட்ட' என்றால் காதல். வேர் ஒன்றா இரண்டா என்று படித்தவர்கள் பேசி முடிக்கவில்லை. முடிக்கும்வரை நான் ஒன்று என்றே நினைத்துக்கொள்கிறேன். அந்த நினைப்பிலேயே என் ஸ்டாப்பைத் தாண்டிப் போய் இறங்கி நடந்து வந்தேன்.

ஊரில் எனக்காக ஒரு கவலை காத்திருந்தது.

பேச்சியம்மாளின் மகள் வினோதினியைப் பழனிப் பக்கம் நெய்க்காரப்பட்டியில் கட்டிக்கொடுத்து ஒரு வருஷம் ஆகவில்லை. மாப்பிள்ளை சரவணனுக்கு விதைக்கடை. சாதுவான மனிதர், கன்றுக்குட்டியிடம்கூட 'ங்க' போட்டுத்தான் பேசுவார். நானும் கடையில் உட்காருகிறேன் என்று இவள் கேட்டிருக்கிறாள். அவர் அதற்கு ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பேச்சு வளர்ந்து, ஒருநாள் அவர் வாயிலிருந்து 'இஷ்டமில்லைன்னா உங்க ஊருக்குப் போ' என்று ஒரு வார்த்தை விழுந்துவிட்டது. இவள் வந்துவிட்டாள்.

இரண்டு மாதமாயிற்று. போ என்று சொன்னவர் வந்து கூப்பிடட்டும் என்று இவள். போனவள் தானாக வரட்டும் என்று அவர். அடுத்த வாரம் இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் உட்கார்ந்து உறவையே தீர்த்துவிடுவதைப் பற்றிப் பேசப் போகிறார்கள். சாமி காரியம் என்று மாமனார் நேரில் போய் அழைத்ததால் அன்று காலை சரவணன் பைக்கில் வந்துவிட்டார். வந்தார், சாப்பிட்டார், ஒளியப் போனார். பெண்டாட்டியிடம் ஒரு சொல் பேசவில்லை.

"இன்னைக்கும் பேசாமப் போயிட்டா அம்புட்டுதேங்க்கா" என்றாள் பேச்சியம்மாள்.

உறுமி அடித்தது. மைத்துனர்கள் கூச்சலோடு தோட்டங்களுக்குள் பாய்ந்தார்கள். பெண்கள் நாங்கள் கோயில் பந்தலில் பூக்கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வாய் சும்மா இருக்குமா? பஸ்ஸில் படித்ததையெல்லாம் அவிழ்த்துவிட்டேன். நாய்க்குச் சிரித்தார்கள். பர்ச்சேஸுக்கு ரொம்பவே சிரித்தார்கள். ஆசையும் வேட்டையும் ஒரே வீட்டுச் சொல் என்றபோது பூக்கட்டிய ஒருத்தி நாரைப் பல்லில் கடித்தபடி கேட்டாள்: "அப்ப ஆசை இருந்தாத்தேன் தேடிப் போவாகளாக்கும்?"

யாரும் சிரிக்கவில்லை. வினோதினி மஞ்சள் தண்ணீர்ச் செம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் மாப்பிள்ளை சீக்கிரமே வந்துவிட்டார். மோட்டார் ரூமுக்குள் ஒளிந்து, கதவுக்கு வெளியே ஒரு காலை மறந்து வைத்திருந்தாராம். இரண்டாமவர் தென்னைமரத்துக்குப் பின்னால் நின்று இருமியிருக்கிறார். ஒருமுறை இருமினால் போதாதென்று, தேடுகிறவர்கள் தாண்டிப் போகும்போதெல்லாம் இருமினாராம். மாமியார் வீட்டுக் கோழியை நினைத்து வந்த இருமல் என்று ஊரே கேலி செய்தது.

மூன்றாமவர் வரவில்லை.

வெயில் மஞ்சளாகி, தோட்டங்களின் மேல் மெல்லிய புகைபோல ஒரு மங்கல் இறங்கியது. வினோதினியின் தம்பி முத்து வெறுங்கையோடு வந்து நின்றான். எல்லா இடமும் பார்த்தாயிற்று, மச்சான் ஊருக்குக் கிளம்பியிருப்பார் என்றான். அவருடைய பைக் வேப்பமரத்தடியில் நிற்கிறது. போன் சுளகில் கிடக்கிறது. எப்படிக் கிளம்பியிருப்பார்? பேச்சியம்மாள் அவனை உற்றுப் பார்த்தாள். நிஜமாகத் தேடினாயா என்று கேட்டாள்.

அவன் தரையைப் பார்த்தான்.

"ரெண்டு மாசமா அக்காளைத் தேடாத மனுசனை நான் எதுக்குத் தேடணும்?"

பந்தலில் பூக்கட்டுகிற கைகளெல்லாம் நின்றுவிட்டன.

எனக்கு அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. மற்ற இரண்டு பேரும் பக்கத்து ஊர்க்காரர்கள். இந்த வேட்டையின் ரகசியம் அவர்களுக்குத் தெரியும் — ஒளிவது அல்ல, அகப்படுவதுதான் மாப்பிள்ளையின் வேலை. காலை வெளியே நீட்டுவதும் இருமுவதும் அதற்குத்தான். நெய்க்காரப்பட்டிக்காரருக்கு இதை யார் சொன்னது? ஒளியச் சொன்னார்கள். பாவம், உண்மையாகவே ஒளிந்துவிட்டார். இந்த ஊரில் இதுவரை யாரும் செய்யாத தப்பு.

வினோதினி செம்பைத் தரையில் வைத்துவிட்டு எழுந்தாள்.

பொம்பளை வேட்டைக்குப் போகிற வழக்கமில்லையே என்று யாரோ இழுத்தார்கள். போகக் கூடாது என்றும் வழக்கமில்லை என்றாள் பேச்சியம்மாள். என் பக்கம் திரும்பி, "யக்கா, செத்த கூடப் போயிட்டு வாங்க" என்றாள்.

போனேன்.

அவள் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. வரப்பில் ஏறி நின்று கன்னத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். காற்று எங்கிருந்து வருகிறது என்று பார்க்கிறாளாம். "எங்க போனாலும் காத்து வர்ற பக்கந்தேன் போய் உக்காருவாரு. வீட்லயும் அப்புடித்தேன்" என்று தனக்கே சொல்லிக்கொண்டு மேற்கே நடந்தாள். நான் பின்னால்.

மல்லிகைத் தோட்டத்தில் அந்த நேரத்தில் நடந்திருக்கிறீர்களா? விடிகாலையில் பறித்த கைகளுக்குத் தப்பிய மொட்டுகள் அப்போதுதான் வாய் திறக்கின்றன. இடுப்பளவு செடிகள், நடுவில் ஒற்றையடி வரப்பு. வெள்ளை வெள்ளையாக அங்கொன்று இங்கொன்று. நடக்கிறோமா, வாசனை நம்மைத் தூக்கிக்கொண்டு போகிறதா என்றே தெரியவில்லை. ஜப்பான்காரர்கள் இலையுதிர்காலத்தில் சிவந்த இலைகளைப் பார்க்கக் கிளம்புவார்களாம். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'இலை வேட்டை'. கையில் ஆயுதம் இல்லை. பெரும்பாலும் வெறுங்கையோடுதான் திரும்புவார்கள். பார்த்தால் போதும், அதுவே வேட்டை. பஸ்ஸில் படித்தபோது என்ன ஜனங்கள் இவர்கள் என்று நினைத்தேன். அந்த வரப்பில் நடந்தபோது, இதற்கு வேறென்ன பெயர் வைக்க முடியும் என்று தோன்றியது. முன்னால் போகிறவளின் புடவை நிறம் மங்கிக்கொண்டே வந்தது. அவள் அவசரப்படவில்லை. நிற்கவும் இல்லை.

தோட்டக் கிணற்றுக்கு அந்தப் பக்கம் தென்னமட்டைகளைக் குவித்து வைத்திருந்தார்கள். அதன் மறைவில் சரவணன் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேட்டியெல்லாம் மண். எங்களைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. நான் கொஞ்சம் தள்ளியே நின்றுகொண்டேன். காற்று அவர் பக்கமிருந்து வீசியது. ஒட்டுக்கேட்கிற சிரமமே எனக்கு இருக்கவில்லை.

"மொதல்ல முத்து வருவான்னு பாத்தேன். பொறவு ஆராச்சும் வருவாங்கன்னு பாத்தேன். இருட்டு கட்டவும்… ஆருக்கும் நான் வேண்டாம் போலன்னு நெனச்சுட்டேன்" என்றார்.

வினோதினி அவர் தோளில் ஒட்டியிருந்த ஓலைத் துணுக்கை எடுத்துப் போட்டாள்.

"ஒரு சாயங்காலத்துக்கே இப்புடி நெனச்சீங்களா? நான் ரெண்டு மாசமா இப்புடித்தேன் உக்காந்திருந்தேன்."

தூரத்தில் எங்கேயோ ஒரு மயில் கத்தி அடங்கியது. அவர் தலையைக் குனிந்துகொண்டு பேசினார். ஒரு நாள் வண்டியை எடுத்துக்கொண்டு வத்தலக்குண்டு வரை வந்தாராம். வீட்டில் என்ன கேட்பார்களோ என்று பயந்து, ஒரு டீயைக் குடித்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டாராம். கேட்கத்தான் செய்வார்கள், கேட்டால் என்ன என்றாள் இவள். கையை நீட்டினாள். அவர் பிடித்துக்கொண்டு எழுந்தார். கால் மரத்துப் போயிருந்ததால் நொண்டிக்கொண்டே நடந்தார்.

பாதி வரப்பில் அவர் குரல் கேட்டது. "கடையில இன்னொரு சேர் வாங்கிப் போட்டுட்டேன். போன மாசமே."

"அதைச் சொல்ல ஒரு போன் போட முடியலையாக்கும்" என்றாள்.

மனிதர்களை நினைத்துப் பார்க்கிறேன். அவர் தோட்டத்தில் ஒளிந்தது ஒரு சாயங்காலம். இரண்டு பேரும் அவரவர் வீட்டிலேயே ஒளிந்திருந்தது இரண்டு மாதம். ஒளிந்திருக்கிறவனுக்கு அகப்பட்டுவிடுவோமோ என்பதா பயம்? தேடி யாரும் வராமல் போய்விடுவார்களோ என்பதல்லவா! வேட்டைக்கு எதிர்ச்சொல் என்ன என்று என்னைக் கேட்டால், ஓடுவது என்று சொல்லமாட்டேன். 'அவங்களே வரட்டும்' என்று உட்கார்ந்திருப்பதுதான்.

கோயில் வாசலில் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள். வேட்டை யாருடையது என்று வழக்கப்படி பூசாரி கேட்டார். பதில் சொல்ல வேண்டியவன் முத்து. அவன் முன்னால் வந்து, மச்சானுக்கு முன்னால் குனிந்து தோளைக் காட்டினான். சரவணன் தயங்கினார். மரத்துப் போன காலைப் பார்த்தார். ஏறிக்கொண்டார். தேடிப் பிடித்தது அக்கா, தூக்கிச் சுமப்பது தம்பியா என்று ஒரு குரல் கேலி செய்தது. முத்துவும் சிரித்துக்கொண்டே மச்சானைச் சாமிக்கு முன்னால் இறக்கி நிறுத்தினான்.

வினோதினி செம்பை எடுத்தாள். மற்ற இரண்டு பெண்களும் தலையில் பட்டும் படாமலும் ஊற்றினார்கள். இவள் முழுச் செம்பையும் முகத்திலேயே ஊற்றினாள்.

அதற்கப்புறம்தான் விளக்கு வைத்தார்கள்.

சாப்பாட்டுப் பந்தியில், தலைமுடியிலிருந்து மஞ்சள் தண்ணீர் இலையில் சொட்டச் சொட்ட, சரவணன் மாமியாரிடம் பணிவாகக் கேட்டார்: "ஏனுங்கத்தை, அடுத்த வருசமும் நான் ஒளியோணுங்களா?"

பேச்சியம்மாள் அவர் இலையில் இன்னொரு கரண்டிக் கறியை வைத்தாள்.

"ஒளியிறது ஒரு வருசந்தேன் மாப்ளே. அதுக்கப்புறம் காலம்பூரா நீங்க தேடுற பக்கம்."

மற்ற ஊர் மாப்பிள்ளைகளும் இதைக் காதில் போட்டுக்கொள்ளலாம்… தப்பில்லை.