நீச்சல் குளத்தில் எருமை

பால்காரம்மாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். ஊர் இந்தப் பக்கம் வளரத் தொடங்கியபோது, மனை பார்க்க வந்தவர்களுக்கு வழி காட்டியவளே அவள்தான். "நல்ல எடம் சார், காத்து பிச்சுக்கிட்டுப் போகும்" என்று தரகரையே தூக்கிச் சாப்பிடுவாள். ஒரு வீடு எழும்பினால் ஒரு வாடிக்கை என்பது அவள் போட்ட கணக்கு. வாடிக்கை பெருகியது வாஸ்தவம்தான். ஆனால் ஒவ்வொரு வீடும் உட்கார்ந்தது தன் எருமைகள் மேய்ந்த புல்லின் மேல் என்பது அந்த மண்டையில் உறைக்க வருஷக்கணக்காயிற்று. புல் குறையக் குறைய மாடுகளை விற்றாள். வெளியூர்ப் பாலை வாங்கி வாடிக்கைகளுக்கு ஊற்றினாள். மிஞ்சியது ஒரே எருமை, அதுவும் நிறைசினை.

அது கட்டிக்கிடந்த கடைசிக் காலி மனைக்கு இன்று காலை சொந்தக்காரர் வந்தார். அவள் பால் ஊற்றப் போயிருந்த நேரம். மனுஷன் கயிற்றை அவிழ்த்து மாட்டைத் தெருவில் விரட்டிவிட்டு, சுற்றிலும் முள்கம்பி அடித்துவிட்டார். வாயில்லா ஜீவன் என்ன செய்யும்? வெயில் தாங்காமல் பழைய குட்டையைத் தேடிப் போயிற்று. குட்டை இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு, அதற்குள் நீச்சல் குளம். கேட் திறந்து கிடந்தது. தண்ணீரைக் கண்ட எருமை யாரிடம் அனுமதி கேட்கும்?

காவலாளி போன் செய்ததும் அவள் அலறிப் புடைத்து ஓடினாள். குளத்துப் படியில் ஏற முயன்று முயன்று, வழுவழுப்பான டைல்ஸில் குளம்பு நிற்காமல் மாடு சறுக்கி விழுந்துகொண்டிருந்தது.

"நகராட்சி வண்டி வருதும்மா. கயிறு கட்டித் தூக்கிருவாங்க" என்றார் குடியிருப்புச் சங்கச் செயலாளர்.

"ஐயையோ! வயித்துல கயிறு போட்டா கன்னு செத்துரும் சார்! தாயும் தங்காது!"

"அதுக்கு நான் என்னம்மா பண்றது?"

அவள் அண்ணாந்து மாடிகளைப் பார்த்துக் கத்தினாள். "அம்மா! என்கிட்ட பால் வாங்குறவங்க எல்லாம் உங்க வாசல் கால்மிதியைக் கொண்டாங்க!"

யாரும் அசையவில்லை. அப்புறம் இரண்டாம் மாடி டீச்சரம்மா ஒரு சணல் கால்மிதியோடு இறங்கி வந்தார். அவரைப் பார்த்து இன்னொருத்தி, அவளைப் பார்த்து நாலு பேர். கால்மிதிகளை நனைத்துப் படிகளில் பரப்பினார்கள். காவலாளி ஓரங்களை மிதித்துக்கொண்டு நின்றான். பால்காரம்மா புடவையோடு தண்ணீரில் இறங்கி மூக்கணாங்கயிற்றைப் பிடித்தாள்.

"வாடி என் ராசாத்தி. பையப் பைய வா."

முதல் கால் சறுக்கியது. எல்லோரும் "ஐயோ" என்றார்கள். இரண்டாவது கால் சணலில் பதிந்து நின்றது. மூச்சிரைக்க, வயிறு உரசாமல் மாடு ஏறிவந்தது. பால்காரம்மா அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

செயலாளர் தொண்டையைச் செருமினார். "சரிம்மா, இனிமே மாடு இந்தப் பக்கம் வரக்கூடாது. ஒழுங்கா கட்டிப் போடுங்க. நாளைக்குப் பால் மட்டும் லேட் பண்ணிராதீங்க."

"எங்க சார் கட்டட்டும்? உங்க வீட்டு ஹால்லயா?"

டீச்சரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. செயலாளருக்கு வரவில்லை.

கேட்டைத் தாண்டியதும் மாடு நின்று அவளைத் திரும்பிப் பார்த்தது. இடப்பக்கம் ஓட்டுவதா வலப்பக்கம் ஓட்டுவதா என்று அவளுக்கும் தெரியவில்லை.