தொட்டியைக் கண்டு மிரண்ட பசு

எங்கள் ஊர் தாமல். மோட்டார் போட்டுத்தான் மாட்டுத் தொட்டியை நிரப்புவோம். ஒருநாள் எங்கள் செவலைப் பசு தொட்டியில் வாய் வைத்ததுமே துள்ளிப் பின்வாங்கியது.

"காய்ச்சல் போலக்குது" என்றார் கணவர்.

ஆனால் பிளாஸ்டிக் வாளியில் வைத்த தண்ணீரை மடமடவென்று குடித்தது! எனக்குப் பொறி தட்டியது. அதற்குள் அவர், தொட்டிதான் அழுக்கோ என்று கழுவக் கையை விடப் போனார்.

"கை வைக்காதய்யா! மோட்டார் ஓடிக்கினு இருக்குது!" என்று அலறியபடியே ஓடிப்போய் சுவிட்சை அணைத்தேன்.

எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தார். "ஒயர் பிஞ்சி, இரும்புக் குழாய் வழியா தண்ணில கரண்ட் எறங்கியிருக்குதுக்கா. நல்லவேளை, தடுத்தீங்க" என்றார்.

ஒயரை மாற்றி, எர்த்தும் போட்டுவிட்டோம். இப்போதெல்லாம் மோட்டாரை நிறுத்திய பிறகுதான் மாட்டை அவிழ்க்கிறேன். "எங்க வீட்டு இன்ஜினியரம்மா" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார் கணவர். பத்தாவதில் ஃபெயிலான எனக்கு அதைக் கேட்கப் பெருமையாகத்தான் இருக்கிறது!