சிப்பிகாட்டில் ஏறிய கடல், மாயாபந்தரில் இறங்கிய கடல்

போன தை மாதம், அந்தமானில், போர்ட் பிளேயர் குட்வில் எஸ்டேட்டில் உள்ள என் வீட்டில், மதியச் சாப்பாட்டு நேரத்தில் நடந்தது இது.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். கப்பலிலிருந்து இறங்கியபோது கையில் இருந்தது ஒரு துணிப்பை மட்டும்தான். மணல் சுமந்தேன், கொத்தனார் ஆனேன், காண்ட்ராக்டர் ஆனேன். இந்தத் தீவின் மலைச்சரிவுகளைத் தாங்கி நிற்கிற தடுப்புச் சுவர்களில் நல்ல சுவர்களை எண்ணினால் பாதிக்குமேல் என் கை பட்டவையாக இருக்கும். ஒன்றுகூட இதுவரை சாய்ந்ததில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

நான் தோற்ற ஒரே இடம், ஊருக்குத் தெற்கே உள்ள சிப்பிகாட். அங்கே எனக்குக் கொஞ்சம் நெல் வயல் இருந்தது. சுனாமி அன்றைக்கு உள்ளே வந்த உப்புத் தண்ணீர், அதற்குப் பிறகு ஒவ்வொரு கடல் ஏற்றத்துக்கும் உரிமையோடு வந்து உட்கார ஆரம்பித்தது. இரண்டு முறை மண்ணால் கரை போட்டேன். கரை நின்றது, தண்ணீர் அடியில் ஊறி உள்ளே வந்தது. "தரை இறங்கிவிட்டது" என்று அளக்க வந்த ஆபீஸ்காரர்கள் அப்போதே சொன்னார்கள். நான் சிரித்தேன். தரை என்ன படகா, இறங்குவதற்கு? கடல் ஏறிவிட்டது, அவ்வளவுதான். சுவர் வைத்து அதை வெளியே தள்ளுவேன் என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மகளை வடக்கே மாயாபந்தரில் கட்டிக்கொடுத்தபோது, அந்த நிலத்தை மீட்டு அவளுக்கே தருவதாகச் சபையில் வாக்கும் கொடுத்துவிட்டேன். போன தையில் வேலை தொடங்க நாள் பார்த்தாயிற்று. இந்த முறை மண்கரை இல்லை, கான்கிரீட் சுவர். காட்டிப் பெருமைப்படலாம் என்று சம்பந்தியை மாயாபந்தரிலிருந்து வரவழைத்தேன். அவர் டிங்கி என்கிற சின்னப் படகு வைத்து மீன் பிடிக்கிறவர். காலையில் நிலத்தைச் சுற்றிக் காட்டினேன். மதியம், ரசம் ஊற்றிய சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"சம்பந்தி, தப்பா நெனைக்காதீங்க. கடல் ஏறிடுச்சுங்கறீங்க. எங்க பக்கம் இறங்கில்ல போச்சு? முன்னே தண்ணிக்குள்ள கெடந்த பவளப்பாறை, சுனாமிக்கப்புறம் வெயில்ல காஞ்சே செத்துப்போச்சு. பழைய எடத்துல டிங்கிய விட்டா தரை தட்டுது."

"கடல் ஒண்ணுதானே? இங்க ஏறினது அங்க எப்படி இறங்கும்? தண்ணி வத்தற நேரமாப் பாத்திருப்பீங்க."

"அரே! செவுரு கட்டறவரு எனக்குக் கடல் சொல்லித் தர்றாரு!"

அதோடு நான் விட்டிருக்கலாம். "பொய் சொல்றதுக்கா அவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்தீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் சோற்றில் கை வைக்காமல் எழுந்தார். "நாளைக்குக் காலை பஸ் வரைக்கும் ஸ்டாண்டுலயே உக்காந்துக்கறேன்" என்றார். சம்பந்தி கை நனைக்காமல் எழுந்து போனால் அது என் அவமானத்தோடு நிற்குமா? அவர் வீட்டில்தான் என் மகள் இருக்கிறாள். அது தெரிந்தும், நான் என் தட்டுச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

வீட்டுக்காரிதான் குறுக்கே வந்தாள். "அண்ணே, ஒரு நிமிசம். இதப் பாத்துட்டுப் போங்க" என்று தன் போனைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து நிறுத்தினாள்.

சுனாமிக்குப் பிறகு, கட்டில் லேசாக ஆடினாலே அவளுக்கு நடுக்கம் எடுக்கும். பக்கத்து வீட்டு நர்ஸம்மா ஒருநாள், எங்கே நிலம் ஆடினாலும் சிறிது நேரத்தில் வரைபடத்தில் புள்ளி வைத்துக் காட்டும் இணையப் பக்கம் ஒன்றை அவளுக்குக் காட்டினார். அதைப் பார்க்க ஆரம்பித்தவள், அங்கிருந்து இலவசமாகப் பாடம் நடத்தும் பக்கங்களுக்குப் போய்விட்டாள். இங்கே எல்லோருக்கும் தெரிந்த இந்தியில்தான் பாடம். காய் நறுக்கும்போதுகூடப் பூகம்பம் ஓடும். "பரீட்சை எழுதிக் கலெக்டர் ஆகப் போறியா?" என்று நான் கிண்டல் செய்வேன். என்ன ஓடுகிறது என்று ஒரு தடவைகூட எட்டிப் பார்த்ததில்லை.

அன்றைக்குப் பார்த்தேன். எங்கள் தீவுகளின் படம். வடக்கே ஒரு நிறம், தெற்கே இன்னொரு நிறம். அந்தப் பெரிய பூகம்பத்தில் பூமிக்கு அடியில் பாறை நழுவியபோது, வடக்கே தரை உயர்ந்தது, தெற்கே தாழ்ந்தது என்று ஒரு குரல் நிதானமாகச் சொன்னது.

"ரெண்டு பேரும் பொய் சொல்லல. ரெண்டு பேருமே கடலப் பாத்தீங்க, தரையப் பாக்கல" என்றாள்.

"தரை என்ன படகா?" என்றேன். பழைய தெம்பு அதில் இல்லை.

சம்பந்தி மறுபடி உட்கார்ந்து, படத்தில் மாயாபந்தரை விரலால் தேடினார். இன்னொரு தடவை போடச் சொல்லிக் கேட்டார். பிறகு தன் தட்டின் ஓரத்தைத் தூக்கி என் பக்கமாகச் சாய்த்தார். ரசம் என் பக்க விளிம்புக்கு ஓடி வந்தது. அவர் பக்கத்துச் சோறு வெறுமனே நின்றது.

"இப்பச் சொல்லுங்க சம்பந்தி, ரசம் ஏறுச்சா, இறங்குச்சா?"

அதற்குள் என் வேட்டியில் ரசம். அவர் சிரித்த சிரிப்பில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "என் பக்கம் வத்திப்போச்சும்மா, இன்னும் கொஞ்சம் ஊத்து" என்று வீட்டுக்காரியிடம் தட்டை நீட்டினார். ஊற்றினாள். சாப்பிட்டார். எனக்கு மூச்சு வந்தது.

தரையே இறங்கியிருந்தால், அதன்மேல் எந்தச் சுவர் வைத்தாலும் தண்ணீர் அடியில் ஊறி வரத்தான் செய்யும். இத்தனை அஸ்திவாரம் தோண்டியவனுக்கு அது விளங்க ஒரு தட்டு ரசம் தேவைப்பட்டது. சுவர் வேலையை அன்றைக்கே நிறுத்தினேன். சிப்பிகாட் நிலத்தின் உப்புச் சேற்றில் தானாக முளைத்திருந்த அலையாத்தி மரங்களை வெட்டாமல் விட்டுவிட்டேன். நண்டுகள் நன்றாக இருக்கின்றன. மகளுக்குக் கொடுத்த வாக்கை மேட்டில் ஒரு மனையாகக் கொடுத்துத் தீர்த்தேன். அந்த மனைக்குத் தடுப்புச் சுவர் யார் கட்டியது என்று கேட்கவே வேண்டாம்.

இப்போதெல்லாம் கட்டில் ஆடினால் வீட்டுக்காரி போனை எடுக்கிறாள். நான் அவள் தோளுக்குப் பின்னால் நின்று புள்ளியைத் தேடுகிறேன். அடுத்த நிமிடம் சம்பந்தியிடமிருந்து போன் வரும்: "என்ன சம்பந்தி, ரசம் எந்தப் பக்கம்?"

நான் கட்டிய சுவர் எதுவும் சாய்ந்ததில்லை என்று இன்றும் நெஞ்சு நிமிர்த்திச் சொல்வேன்; ஆனால் ஒரு தீவே சாய்ந்ததை அதன்மேலேயே நின்றுகொண்டு தெரியாமல் இருந்தவன் என்பதால், யாரையாவது பொய்யர் என்று சொல்ல வாய் எழும்போதெல்லாம், அவர் நிற்கும் இடத்தில் தரை எப்படி இருக்கிறது என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன்.