கணக்கப்பிள்ளையை விழுங்கிய கலம்

போன ஞாயிற்றுக்கிழமை ராகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் விஞ்ஞான தின விழா. சிறப்பு விருந்தினர் யார் தெரியுமா? அடியேன்தான். வேறு யாரும் கிடைக்கவில்லை போலும்!

மேடையில் தர்ஷினி. பதினோராம் வகுப்பு ஓ.எல். பரீட்சையில் விஞ்ஞானத்துக்கு ‘ஏ’ எடுத்த பிள்ளை. அடுத்து உயர்தர வகுப்பில், அதாவது ஏ.எல்.லில், பயோ படிக்க ஆசை. அதற்குத் தினமும் நுவரெலியாவுக்கு பஸ் ஏற வேண்டும். கொழுந்து பறிக்கும் அம்மா செல்வராணிக்கோ இஷ்டமில்லை.

“கொழும்புல துணிக்கடை வேலைக்குச் சொல்லி வச்சிருக்கேங்க. அடுத்த வாரம் அனுப்பிருவேன்” என்று விழா தொடங்கும் முன்பே என்னிடம் சொல்லிவிட்டார். தலையை ஆட்டி வைத்தேன்.

தர்ஷினி எடுத்துக்கொண்ட விஷயம் — நம் இரத்தத்தில் இருக்கும் வெண்குருதிக் கலம், அதாவது வெள்ளை அணு, கிருமியை எப்படி விழுங்கிச் செரிக்கிறது? படம் மாட்டினாள். விளக்கினாள். அம்மாமார் வரிசையில் கொட்டாவி...

சட்டென்று படத்தைச் சுருட்டினாள். “அம்மா, சித்தி, அக்கா... எல்லாரும் முன்னுக்கு வாங்க. நீங்கதான் வெள்ளை அணு. கிருமிக்கு ஒரு ஆளு வேணும்!”

“கணக்கப்புள்ள ஐயா!” — மண்டபமே கத்தியது.

மலையில் நாள் முழுக்க அவர்களை விரட்டி வேலை வாங்குகிறவர். பாவம், தொப்பியும் கோட்டும் கையில் குடையுமாகச் சிரித்துக்கொண்டே எழுந்து வந்தார்.

“புடிங்க!” என்றாள்.

பெண்கள் முன்னேறினார்கள். ஆனால், பழக்கதோஷம்... ஆளுக்கொரு நிரையாக, நேராக! கொழுந்து பறிக்கையில் அடுத்தவளுக்கு ஒதுக்கிய செடி நிரையில் கை வைத்தால் சண்டைதானே? இருவருக்கு நடுவே புகுந்து கிருமி நழுவிவிட்டது. ஒரே சிரிப்பு. செல்வராணி மட்டும் சிரிக்கவில்லை, மகளையே பார்த்தார்.

தர்ஷினி அசரவில்லை. “இங்க நிரையெல்லாம் கிடையாது. அம்புட்டு பேரும் ஒரே கலம். கையக் கோத்துக்கிட்டு, ரெண்டு பக்கமும் வளைஞ்சு வந்து மூடுங்க.”

மூடினார்கள். கணக்கப்பிள்ளை உள்ளே!

“இப்ப கிருமி ஒரு பைக்குள்ள மாட்டிக்கிச்சு. செரிக்கிற சாறு உள்ள குட்டிப் பைங்க வந்து ஒட்டிக்கும். சாற ஊத்தி, துண்டு துண்டாக் கரைக்கும்.”

மூன்று பெண்கள் குட்டிப் பைகளானார்கள். தொப்பி போனது. குடை போனது. கோட்டும் போனது.

“வேண்டியதக் கலம் எடுத்துக்கும். மிச்சத்த வெளிய தள்ளிரும்!”

மிச்சம் தள்ளாடிக்கொண்டு வெளியே வந்தது. கூரை அதிரக் கைதட்டல். எங்கள் மலையகத்துப் பிள்ளை... நானும் எழுந்து நின்று தட்டினேன்.

பிளேன்டீ குடிக்கும்போது செல்வராணி பக்கத்தில் வந்தார். “கணக்கப்புள்ள ஐயா கத்துனாத்தான் நாங்க நகருவோம். இவ ஒரு சத்தம் போடலீங்க. அத்தன பேரும் சொன்னபடி கேட்டோம், பாத்தீங்களா?”

போனை எடுத்தார். “தம்பி, கடைக்கு வேற ஆளு பாத்துக்கங்க. எம்புள்ள வரமாட்டா... ஆமா, டாக்டருக்குப் படிக்கிறா.”

பயோ வகுப்பே இன்னும் தொடங்கவில்லை... அதற்கெல்லாம் எந்த அம்மா காத்திருக்கிறாள்?