எதிர்க்கரையிலிருந்து பார்த்தால்

பேய், பிசாசு என்று யாராவது பேச்சை ஆரம்பித்தால் எழுந்து போய் அடுப்பு வேலையைப் பார்க்கிற ஆள் நான். பத்தாம் வகுப்புக்கு ஒளியும் லென்ஸும் நடத்துகிறவள், ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவள், இந்த இரண்டு இடத்திலும் அதற்கெல்லாம் வேலை இல்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இதைப் படித்துவிட்டு நீங்கள் சிரிக்கலாம். போன ஐப்பசிக்கு முன்னால் யாராவது என்னிடம் சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

என் கணவர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். சுவாமிமலைக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டில் நானும் மகள் ஷெரினும் மட்டும்தான். அவள் கல்லூரியில் விலங்கியல் கடைசி வருடம். அங்கே யாரோ ஏற்றிவிட்ட பைத்தியம், பறவை பார்ப்பது. மழை தொடங்கினால் வடக்கேயிருந்து என்னென்னவோ பறவைகள் வருமாம், அதற்கென்று ஒரு வாட்ஸ்அப் குழுவாம், விடுமுறை நாள் வந்தால் அப்பா அனுப்பிய பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு காவிரிக்கரைக்குக் கிளம்பிவிடுவாள். வயது வந்த பெண் ஆற்றங்கரையில் மணிக்கணக்கில் நின்று குருவி பார்க்கிறாள் என்றால் எந்த அம்மா நம்புவாள்? எதிர்வீட்டு மேரி அக்கா ஒருநாள் வாசலில் வைத்துக் கேட்டேவிட்டார்.

"என்ன டீச்சர், உங்க பொண்ணு எந்நேரமும் ஆத்தங்கரையிலயே நிக்குது. மீன் புடிக்கவா, மாப்பிள்ளை புடிக்கவா?"

சிரித்து வைத்தேன். ஆனால் அன்றிலிருந்து அவள் போன் அடித்தால் என் காது அங்கேதான் இருக்கும். குளிக்கப் போனால் போனை எடுத்துப் பார்ப்பேன், பூட்டியிருக்கும். பூட்டியிருப்பதே எனக்கு ஒரு சாட்சி மாதிரித் தெரிந்தது.

இப்படி இருக்கும்போது அந்தக் குழுவில் ஒரு செய்தி வந்தது, கருந்தலை மீன்கொத்தி ஒன்று எங்கள் ஊருக்கு மேற்கே ஆற்றில் தெரிந்தது என்று. முத்துப்பேட்டை மாதிரிக் கடலோரத்தில் இருக்கும் பறவையாம், இவ்வளவு தூரம் உள்ளே வருவது அபூர்வமாம். ஷெரின் தரையில் கால் பாவாமல் நின்றாள்.

"நானும் வர்றேன்" என்றேன்.

"நீயா?"

"ஏன், நான் வந்தா பறந்துடுமா?"

"நீ வாயைத் தொறக்காம இருந்தா பறக்காது."

போகிற வழியில் விவரம் சொன்னாள். "அது கரைக்கு அடியில, மண்ணு அரிச்சுப்போன இடத்துல, வேர்மேல உக்காந்திருக்கும்மா. மேல நிக்கிறவங்களுக்குத் தெரியவே தெரியாது. எதிர்க்கரையில இருந்து பாத்தாத்தான் தெரியும். அதனால ரெண்டு பேரு போனா ஆளுக்கொரு கரையில நிக்கணும். நீ என் காலடியில பாரு, நான் உன் காலடியில பாக்குறேன்."

என்னை அக்கரைக்கு அனுப்பிவிட நல்ல வழி கண்டுபிடித்திருக்கிறாள் என்று நினைத்தேன். ஆனாலும் சரி என்றேன். காரணம், அவளுடைய பழைய பைனாகுலர் என் கையில் இருந்தது. மீன்கொத்தியை யார் பார்த்தது, நான் பார்க்கப் போவது இவளைத்தான்.

வடகரையில் அவளை ஸ்கூட்டியிலிருந்து இறக்கிவிட்டுப் பாலத்தைச் சுற்றிக்கொண்டு தென்கரைக்கு வந்தேன். மழை விட்டிருந்த நாள், நல்ல மாலை வெயில். ஆறு நிறையத் தண்ணீர், செம்மண் நிறத்தில் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. என் பக்கம் மூங்கில் புதர், பின்னால் நடவு முடிந்த சம்பா வயல், கண்ணுக்கெட்டிய வரை ஆள் கிடையாது. அக்கரையில் ஷெரினின் மஞ்சள் சுடிதார் வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. அவள் மட்டும்தான் நின்றாள், இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பைனாகுலரைக் கண்ணில் வைத்தேன். அவள் பக்கத்தில் ஒரு ஆள் நின்றான்.

வெளிர்நீலச் சட்டை. நாற்பதுக்கு மேல் இருக்கும். தலைமுடி நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது. தோள் உரசுகிற நெருக்கத்தில் நின்று அவள் காதில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். ஒரு பையனாக இருந்தாலும் பரவாயில்லை, இந்த வயதில் ஒருத்தனா? பைனாகுலரை இறக்கினேன். மஞ்சள் சுடிதார் மட்டும் தெரிந்தது. மறுபடி வைத்தேன், நின்றான். முந்தானையால் லென்ஸைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். ஏதோ பிரதிபலிப்பு, ஏதோ கறை என்று நீங்கள் சொல்லப் போவதையெல்லாம் நான் அங்கேயே எனக்குச் சொல்லிக்கொண்டேன். கறை தலையைச் சாய்த்துப் பேசாது. போனில் படம் எடுத்திருக்கலாமே என்பீர்கள், எடுத்தேன். அதில் அவளே ஒரு மஞ்சள் பொட்டாகத்தான் இருக்கிறாள், வேறு ஒன்றும் இல்லை.

போன் போட்டேன். ஒரு கையில் போன், ஒரு கையில் பைனாகுலர்.

"யாருடி அது?"

"எது?"

"உன் பக்கத்துல நிக்கிறானே, அவன்!"

அவள் போனைக் காதில் வைத்தபடி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிப் பார்த்தாள். அவள் பார்வை அவன் முகத்தின் மேலேயே போய்வந்தது. "யாருமில்லம்மா, ஒரு அம்மா கரைக்குப் பின்னால கீழ புல்லு அறுக்குறாங்க, அவ்ளோதான்."

நான் மறுபடி பேச வாயெடுத்தபோது அவன் குனிந்தான். நம்பினால் நம்புங்கள், அவளுடைய போனின் மறுபக்கம் தன் காதை வைத்துக்கொண்டான். நான் பேசுவதைக் கேட்கிறவன் மாதிரி.

ஷெரின் தன் பைனாகுலரை எடுத்து என் பக்கம் வைத்தாள். வைத்தவள் எடுக்கவில்லை. கொஞ்சநேரம் கழித்து, "அம்மா, நீ தனியாவா நிக்கிற?" என்றாள்.

"பேச்ச மாத்தாத! அங்கயே நில்லு, வர்றேன்."

வண்டியை எப்படி ஓட்டினேன் என்று தெரியாது. நான் போய்ச் சேர்ந்தபோது அவள் மட்டும் கரைமேல் நின்றாள். கீழே புல் அறுத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் நேராகப் போய்க் கேட்டேன், "இங்க ஒரு ஆள் நின்னானே, எந்தப் பக்கம் போனான்?"

"ஆளா? பாப்பா ஒண்டியாத்தான் நிக்குது டீச்சரம்மா. நான் மதியத்துலேர்ந்து இங்கயேதான் கெடக்குறேன்."

இவளுக்கும் ஏதாவது கொடுத்து வாயை அடைத்திருப்பானோ என்றுகூட நினைத்தேன். அப்படித்தான் இருந்தது என் புத்தி. ஷெரின் கோபப்படுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவேயில்லை, என் ஸ்கூட்டியின் பின்சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மீன்கொத்தியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வீடு வரை வாயே திறக்கவில்லை. குற்றமுள்ள நெஞ்சு, அதுதான் பேசவில்லை என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

நாலைந்து நாள் கழித்து ஒரு காலையில், கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவளை நிறுத்தி, பைபிள் மேல் கை வைத்துச் சொல் என்றேன். அவள் தயங்காமல் வைத்தாள்.

"நான் தனியாத்தான் நின்னேன், சத்தியமா. இப்ப நீ வை."

"நான் எதுக்குடி வைக்கணும்?"

"அன்னைக்கு உன் பக்கத்துல நின்னாரே, அவரு யாரு?"

எனக்குப் புரியவில்லை. அவள் குரலைத் தணித்து, பெரிய மனுஷி மாதிரிப் பேசினாள். "நான் அப்பாகிட்ட சொல்ல மாட்டேம்மா. எங்கிட்ட மட்டும் மறைக்காத. லைட் ப்ளூ சட்டை. தலையெல்லாம் நனைஞ்சிருந்துச்சு. நீ போன் பேசுறப்ப உன்ன ஒட்டிக்கிட்டு நின்னாரு."

சட்டை நிறத்தை நான் அவளிடம் சொன்னதே இல்லை. அந்த ஆளைத்தான் நான் உன் பக்கத்தில் பார்த்தேன், அதே நேரத்தில், என்றேன்.

ஷெரின் என்னை இரக்கமாகப் பார்த்தாள். "சமாளிக்காதம்மா" என்று சொல்லிவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

நானும் பைபிள் மேல் கை வைத்துத்தான் சொன்னேன், பிறகு, பலமுறை. அவள் வைத்தபோது நான் நம்பவில்லையே, நான் வைத்தால் அவள் ஏன் நம்ப வேண்டும்? அவள் அப்பா வீடியோவில் வரும்போதெல்லாம் அவள் என் முகத்தைப் பார்க்கிறாள். நான் அவள் முகத்தைப் பார்க்கிறேன். இரண்டு பேரும் ஒருவரையொருவர் காட்டிக்கொடுக்காமல் இருக்கிறோம், செய்யாத ஒன்றுக்காக.

இதை இப்படியே விட முடியாது என்றுதான் போன மாதம் அவளைக் கெஞ்சி மறுபடி அழைத்துப் போனேன். பட்டப்பகல், பூசை முடிந்து நேராக. அவள் வடகரை, நான் தென்கரை, அதே மூங்கில் புதர். முதலில் நான் பார்த்தேன். ஷெரின் மட்டும்தான் இருந்தாள், சுற்றிலும் வெறும் நாணல். எனக்குப் பாதி உயிர் வந்தது. போனில் சொன்னேன், "இப்ப நீ என்னைப் பாரு. உள்ளதைச் சொல்லு."

அவள் பைனாகுலரைத் தூக்கினாள். வெகுநேரம் பார்த்தாள். என்னைச் சுற்றி நானும் பார்த்தேன். காற்றுகூட இல்லை. கடைசியில் இறக்கினாள்.

"நீ மட்டுந்தாம்மா நிக்கிற" என்றாள்.

அவள் என் மகள், பொய் சொல்லும்போது அவள் குரல் எனக்குத் தெரியும் என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன். அன்று தெரியவில்லை. போனை வைக்கப் போனேன், அவள் வைக்கவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. அப்புறம், பக்கத்தில் யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்கிற மாதிரி, மெதுவாகச் சொன்னாள்.

"திரும்பிப் பாக்காம, சீக்கிரம் வாம்மா."