ரங்கூன் அரிசி நிக்காத வருசம்

அரிசித் தரகுல சரக்கு மொதலாளிக்குச் சொந்தம், பசி வாங்குதவனுக்குச் சொந்தம், நமக்குன்னு இருக்குதது இந்த நாக்கு ஒண்ணுதான். தரகு, ஏஜென்ட்டு, கமிசன்னு வாயை வாடகைக்கு விட்டுப் பொழைக்குத எல்லாருக்கும் நான் சொல்லப்போறது புரியும். நீங்களும் எங்கயாவது ஒரு வார்த்தைய விட்டுட்டு, அது ஊரு சுத்தி வந்து உங்க முன்னாலயே நிக்குதத பாத்திருப்பிய. நமக்குள்ள என்ன ஒளிவு.

சேர்ந்த அன்னைக்கு

பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் நாலாம் பாரத்தோட ஒத்துவரல்ல. எங்க அப்பா சபையில உபதேசியார். மகனும் பிரசங்கம் பண்ணுவான்னு நெனச்சாரு. பண்ணினேன், வகுப்புல, ஹெட்மாஸ்டர் குரல்ல, அவரு பின்னால வந்து நிக்குதது தெரியாம. பொறவு ஒரு நாடகக் கம்பெனியில திரை இழுத்தேன். பஸ்ஸுல கிளீனரா தொங்கினேன். எதுலயும் ஆறு மாசம் தாண்டல்ல. கடைசியில கோட்டாறு சந்தையில மீரான் மொதலாளி அரிசிக்கடை வாசல்ல போய் நின்னேன்.

அவரு ஒரு சொளவுல ரெண்டு குவியல் அரிசி வெச்சாரு. "ஒண்ணு நம்ம நாஞ்சில் நாட்டு அரிசி. ஒண்ணு பர்மாவுல இருந்து கப்பல்ல வந்த ரங்கூன் அரிசி. எது எதுன்னு சொல்லுலே பாப்போம்." எனக்கு அரிசியில தெரிஞ்சதெல்லாம் சோறுதான். ரெண்டுல ஒண்ணு கொஞ்சம் வெள்ளையா கிடந்துது. "இதுதான் ரங்கூன் மொதலாளி. வாற வழியெல்லாம் கப்பல்ல வாந்தியெடுத்து எப்பிடி வெளுத்துப் போயிருக்கு பாருங்க"ன்னேன். அவரு குனிஞ்சு அந்த அரிசிய உத்துப் பாத்தாரு. நிமிந்து என்னையப் பாத்தாரு. "ஏலே, நீ சொன்னது தப்பு. ஆனா ஒரு நிமிசம் நானே நம்பிட்டேன். நாளைக்கு வந்துரு."

அருமனையில பேடிச்ச கதை

எனக்கு வேலை ரெண்டு. கெழக்க தாழக்குடி, பூதப்பாண்டி பக்கம் போய் வெவசாயிகள்ட்ட நெல்லு வாங்கணும். மேக்க அருமனை, குலசேகரம் போய் கடைகளுக்கு ரங்கூன் அரிசி விக்கணும். மேக்க ரப்பரும் தென்னையும்தான், வயலு கொறவு. ரப்பர் பால் வெட்டுத ஆளுவளுக்கு விலை கொறஞ்ச ரங்கூன் அரிசிதான் கஞ்சி. கெழக்க அந்தப் பேரச் சொன்னாலே காறித் துப்புவாவ, அது வந்துதான் நெல்லு விலை விழுந்துதுன்னு. நான் காலையில கெழக்க துப்பு வாங்கிட்டு, மத்தியானம் மேக்க போய் அதே அரிசியப் புகழ்ந்து பேசுவேன்.

அப்பத்தான் பேப்பர்ல வந்துது. பங்குனி மாசம் பாதியில இருந்து பர்மா இந்தியாவ விட்டுப் பிரிஞ்சு தனி நாடாம். இங்கிலீஸ்காரன்தான் ரெண்டையும் ஆளுவானாம், ஆனா வேற வேறயாம். நம்மளோ திருவனந்தபுரத்து மகாராஜா நாடு. ஆரல்வாய்மொழியில வரி வாங்குத சவுக்கையத் தாண்டினாத்தான் வெள்ளைக்காரன் இந்தியா. நாம அதுக்குள்ள இருக்கமா வெளிய இருக்கமான்னே நமக்கு ஒழுங்காத் தெரியாது. அதுக்குள்ள ஒருத்தன் பிரிஞ்சும் போயிட்டான்.

எனக்கு இது நல்ல சரக்காப் பட்டுது. அருமனையில ஞானம்மை அக்கா கடைக்குப் போனேன். புருசன் போன பொறவு அவிய ஒத்தையா நடத்துத கடை. எப்பவும் அஞ்சு மூட்டைக்கு மேல எடுக்கமாட்டாவ. "அக்கா, இந்த மாசம் பத்தா எடுத்துப் போடுங்க. பங்குனிக்குப் பொறவு ரங்கூன் அரிசி நின்னு போவும். பர்மா பாகம் பிரியுது"ன்னேன்.

"அதாரு மக்கா பர்மா?"

"ஆளு இல்லக்கா, நாடு. நாம தின்னுத அரிசி வாற நாடு."

"நம்மக்கிட்ட என்ன கோவம் அதுக்கு?"

"கோவம் ஒண்ணும் இல்ல. பிரிஞ்சா கடல்ல ஒரு சவுக்கை போடுவாவ. ஒவ்வொரு மூட்டைக்கும் வரி. பொறவு ரங்கூன் அரிசிய கண்ணால பாக்கணும்னா படத்துலதான் பாக்கணும்." எனக்கே தெரியாது பாத்துக்கிடுங்க. வாயில வந்துது, சொன்னேன். சொல்லும்போது நல்லாவும் இருந்துது.

அக்கா கடைக்கு வெளிய அரிசிக்குக் காத்து நின்ன பொம்பளையளப் பாத்தாவ. பத்து மூட்டைக்கும் தலையாட்டினாவ. ஆனா நான் கெளம்பும்போது சொன்னாவ: "பிரியுதது அவிய, பேடிச்சு நடுங்குதது நாமளா? இது எந்த ஊரு நியாயம் மக்கா?"

பாகம் பிரிஞ்ச வீடு

மாமன் சொத்து மருமக்களுக்குப் போற மருமக்கள் வழிச் சொத்தப் பிரிச்சுக்கிடலாம்னு சட்டம் வந்த பொறவு, நாஞ்சில் நாட்டுல பாகம் பிரியாத வெள்ளாளர் வீடு கொறவு. தாழக்குடி சிவதாணு பிள்ளை வீடும் அப்பிடித்தான். காலையில அண்ணன் தம்பி தங்கச்சி மக்க எல்லாரும் பத்திரத்துல கையெழுத்துப் போட்டாவளாம். சாயங்காலம் வீட்டு முத்தத்துக்கு நடுவுல சுவரு. கறிவேப்பிலை மரம் அந்தப் பக்கம் போயிட்டு. அன்னைக்கு ராத்திரியே ரசத்துக்கு ஒரு கொத்து கேட்டதுக்கு இல்லைன்னு சொல்லிட்டாவளாம்.

மாசிக் கடைசியில அவரு களத்துல கும்பப்பூ அறுப்பு நெல்லு அடிச்சுக் குவிச்சிருந்துது. வருசா வருசம் களத்துலயே எங்களுக்கு அளந்து குடுத்துருவாரு. இந்தத் தடவை அந்த நெல்லுக்கு ஒரு காரியம் இருந்துது. அவரு மக பகவதி பள்ளிப் படிப்ப முடிச்சுட்டா. திருவனந்தபுரத்துல ரெண்டு வருசம் டீச்சர் டிரெயினிங் படிக்கணும்னு நிக்குதா. நெல்லு வழக்கமான விலைக்குப் போனா இழுத்துப் புடிச்சு ரெண்டு வருசத்துக்கும் ஆவும். இந்த வருசம் போகல்லன்னா மாப்பிள்ளை பாத்துரணும்னு அவ அம்மை சொல்லியாச்சு.

"வே தாசு"ன்னாரு பிள்ளை, வீட்டு முத்தத்துல நின்னுக்கிட்டு. "எம் மச்சினன் அருமனைக்குத் தேங்கா வாங்கப் போனான். ரங்கூன் அரிசி நிக்கப்போவுதுன்னு நீ சொன்னதா அந்த ஊரே பேசுதாமே. மெய்தானா?"

ஆமான்னா நெல்லு போச்சு. பொய்யின்னா பேரு போச்சு. நமக்கெல்லாம் எது பெருசுன்னு உங்களுக்கே தெரியும். "பின்ன என்ன பிள்ளைவாள்? பாகம் பிரிஞ்சவன் பொறவும் வந்து நம்ம அடுக்களையில சோறு பொங்கித் தருவானா?"ன்னேன். அவரு சிரிக்கல்ல. சுவரப் பாத்தாரு. ரங்கூன் அரிசி நின்னா நெல்லு விலை ஏறும்லா. மக படிப்புக்கும் ஆவும், பொறவு கல்யாணத்துக்கும் ஆவும். அவரு கணக்கு அவரு மொகத்துலயே ஓடுதத நான் பாத்தேன்.

பகவதி பேப்பரோட நடையில நின்னா. "அப்பா, அரிசி நிக்கும்னு இதுல எங்கயும் போடல்லியே. ஆளுதது வேற ஆளுன்னு மட்டும்தான் இருக்கு."

பிள்ளை திரும்பிக்கூடப் பாக்கல்ல. "ஏட்டி, பேப்பர்காரன் வீடு பாகம் பிரிஞ்சிருக்கா? நம்ம வீடு பிரிஞ்சிருக்கு. எனக்குத் தெரியாதா?" நெல்லு முழுக்க வீட்டுக்குப் போச்சு. பத்தாயம் நெறஞ்சு, மிச்சத்த அறையில குவிச்சாவ.

பிரிஞ்ச பொறவு வந்த மூட்டை

அந்த நாளும் வந்துது. சூரியன் வழக்கம்போல உதிச்சுது. ரெண்டு வாரம் கழிச்சு ரங்கூன் அரிசியும் வழக்கம்போல வந்துது. அதே சாக்கு, அதே முத்திரை, அதே புழுங்கல் நாத்தம். பர்மா தனிதான், ஆனா கொஞ்ச வருசத்துக்கு சரக்கெல்லாம் பழையபடி வரியில்லாம வரும்னு ரெண்டு சர்க்காரும் முன்கூட்டியே பேசி வெச்சிருக்காவளாம். சுவரு கட்டினாவ, வாசலையும் விட்டுட்டாவ. அரிசி நிக்கும்னு நெல்லப் பூட்டி வெச்ச அத்தன பேரும் ஒரே நேரத்துல தொறந்தாவ. நெல்லு விலை சரசரன்னு எறங்கிச்சு.

எங்க கடையில மூட்டை எறக்குதது ஆசீர்வாதம் அண்ணன். அவரு தம்பி ரங்கூன் தொறமுகத்துல மூட்டை ஏத்துத கூலி. தம்பி ஏத்துதத அண்ணன் எறக்குதாருன்னு நான் அவர எப்பவும் கேலி பண்ணுவேன். அன்னைக்கும் பண்ணினேன். "என்ன அண்ணே, உங்க தம்பி இப்ப வெளிநாட்டுக்காரரு. கைகால் வெளுத்திருக்கும்." அவரு மூட்டையக் கீழ போட்டாரு. தையலத் தடவிப் பாத்துக்கிட்டே சொன்னாரு: "மூட்டை வந்துரும்போலத்தான் இருக்கு தாசு. ஏத்தி விட்டவன் வருவானான்னுதான் இனி தெரியாது."

நான் போய் அடுத்த மூட்டைய ஒரு பக்கம் புடிச்சேன்.

பத்து மூட்டை

சித்திரைக் கடைசியில அருமனைக்குப் போனேன். போகாம இருக்கத்தான் பாத்தேன், மொதலாளி விடல்ல. ஞானம்மை அக்கா கடையில அஞ்சு மூட்டை அப்பிடியே இருக்கு. ஒண்ணுல புழு. பக்கத்துக் கடைக்காரன் புதுசா வந்த அரிசிய விலை கொறச்சுப் போடுதான், பால் வெட்டுத ஆளுவ அங்க போயிட்டாவ. அக்கா என்னைய வையல்ல. வஞ்சிருந்தா நானும் ஏதாவது சொல்லிச் சமாளிச்சிருப்பேன். சொளவுல அரிசியப் போட்டுப் பொடைச்சுக்கிட்டே இருந்தாவ. நான் பக்கத்துல குத்தவெச்சு புழுவப் பொறுக்கினேன்.

"அக்கா, அன்னைக்கு நான் சொன்னது..."

"அரிசி புழுத்தா பொடைச்சு எடுத்துருவேன் மக்கா. ஒனக்க பேச்ச எதுல போட்டுப் பொடைக்க?"

தாழக்குடிக்குப் போனது

அங்கேருந்து நேரா தாழக்குடிக்குத்தான் போனேன். சிவதாணு பிள்ளை இன்னும் நெல்ல விக்கல்ல. அறையில குவிச்ச நெல்லுல அந்துப்பூச்சி பறக்குது. அடுத்த மாசம் இடவப்பாதி மழை வந்தா மிச்சமும் ஈரம் கோக்கும். டிரெயினிங் பள்ளிக்கூடத்துல பணம் கட்ட இன்னும் நாலே நாளு. அவரு இன்னும் சொல்லுதாரு: "சுவரு கட்ட நாளாவும்லா வே? கன்னிப்பூ அறுப்பு வரைக்கும் பாப்போம். ரங்கூன் அரிசி நிக்கத்தான் செய்யும்." அடுக்களையில அவ அம்மை ஒரு ஜோசியக்காரர் பேரச் சொல்லிக்கிட்டிருந்தாவ. பகவதி நடையிலதான் நின்னா. பேப்பர் கையில இல்ல.

சிரிக்க வைக்குத மாதிரிச் சொல்லலாமான்னு வழி நெடுக யோசிச்சு வந்தேன். அப்பிடி ஒரு வழி இல்ல. "பிள்ளைவாள், அரிசி நிக்காது. அருமனையில நான் சொன்னது புளுகு. சரக்கத் தள்ளணும்னு சொன்னேன்."

"நான் கேட்டப்ப?"

"அதுவும் புளுகுதான். பேரு போவும்னு சொன்னேன். இன்னும் வெச்சிருந்தீங்கன்னா விலை இன்னும் எறங்கும். இன்னைக்கே வித்துருங்க."

வைவாருன்னு நின்னேன், அடிச்சாலும் வாங்கிக்கிடணும்னு நின்னேன். அவரு துண்ட ஒதறித் தோள்ல போட்டாரு. "நாளைக்கு அளந்து குடுத்துருதேன். ஆனா ஒனக்கு இல்ல." வடசேரி வியாபாரி ஒருத்தருக்குக் குடுத்தாரு. விழுந்த விலைதான். பகவதி படிப்புக்கு ஒரு வருசப் பணம்தான் தேறிச்சு.

கடையில வந்து மொதலாளிகிட்ட நடந்ததச் சொன்னேன். வேலையில வெச்சாரு, ஆனா தாழக்குடி வழிய எங்கிட்ட இருந்து எடுத்துட்டாரு.

பகவதி திருவனந்தபுரம் பொறப்பட்ட அன்னைக்கு நாகர்கோயில் பஸ்ஸடியில பாத்தேன். தகரப் பெட்டிய மேல ஏத்த நாந்தான் கை குடுத்தேன், பழைய கிளீனர்லா. பிள்ளை என்னையப் பாக்காம டிக்கெட்டு எடுக்கப் போயிட்டாரு. "ரெண்டாவது வருசத்துக்கு என்ன செய்யப்போறிய?"ன்னு கேட்டேன். அவ ஜன்னல் வழியா எட்டிப் பாத்தா, சிரிச்சாளா மொறைச்சாளான்னு இன்னைக்கும் எனக்குத் தெரியாது. "வயலு இருக்கு, வெளையும். நீங்க மட்டும் அதுவரைக்கும் எங்க அப்பாகிட்ட ஒரு நாட்டப் பத்தியும் பேசாம இருங்க, போதும்."

ஒரு நாடே பிரிஞ்சு போயும் ரங்கூன் அரிசி எங்க கடைக்கு வாறது நிக்கல்ல, நான் ஒரே ஒரு நாளு உண்மையச் சொன்னதுல தாழக்குடி நெல்லு வாறது நின்னு போச்சு.